பெருக்கல் விடை தப்பா வருதா? எவ்ளோ தப்புன்னு பாருங்க, எங்க தப்புன்னு தெரிஞ்சிரும்

போடியில ஏலக்காய் கடையில பதினோரு வருசமா கணக்கு எழுதுறேன். சாயங்காலமானா தெருப் பிள்ளைங்க நாலஞ்சு பேர் நோட்ட தூக்கிட்டு வந்துருவாங்க, அதுல ரெண்டு பேர் குரூப் ஃபோர் பரிட்சைக்கு படிக்கிற பெரிய பசங்க, அங்க கால்குலேட்டர் கொண்டு போக முடியாது. எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "மாமா, விடை தப்பா வருது, எங்க தப்புன்னு தெரியல, மறுபடி மொதல்ல இருந்து போடவா?" போடாதீங்க. மொதல்ல இருந்து போட்டா பாதிப் பேர் அதே தப்ப அதே எடத்துல மறுபடி பண்ணுவாங்க, நானே பண்ணிருக்கேன். விடை எவ்ளோ தப்பா இருக்குங்கிறத பாத்தாலே எந்த எடத்துல சறுக்குச்சுன்னு முக்காவாசி தெரிஞ்சிரும்.

எல்லாத்துக்கும் ஒரே கணக்க வெச்சுக்குவோம், 2,347 × 386. சரியான விடை 9,05,942. வரி மூணு:

2347 × 6 = 14082
2347 × 80 = 187760
2347 × 300 = 704100

இனி உங்களுக்கு என்ன வந்துச்சோ அதுக்கு நேரா பாத்துக்கங்க.

விடை ரொம்ப சின்னதா வருது, 39,899 இல்லன்னா 2,72,252

எடம் தள்ளி எழுதல, அவ்ளோதான். மூணு வரியையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நேரா எழுதி கூட்டினா 14082 + 18776 + 7041 = 39,899 வரும். இந்த 39,899 சும்மா வந்த நம்பர் இல்ல, 2347-ஐ 17-ஆல பெருக்கினா வர்றது, 3 + 8 + 6 = 17 பாருங்க. எடம் தள்ளாம விட்டா நாம 386-ஆல பெருக்கல, அதோட இலக்கக் கூட்டலாலதான் பெருக்கிருக்கோம். ரெண்டாவது வரிய ஒரு எடம் தள்ளிட்டு மூணாவதையும் ஒரு எடம் மட்டும் தள்ளினா 2,72,252, அது 2347 × 116 (6 + 80 + 30).

இத புடிக்க ஒம்பது செக்க நம்பாதீங்க. ஒம்பது செக்குன்னா தெரியும்ல, இலக்கத்த எல்லாம் கூட்டி ஒரு இலக்கத்துக்கு கொண்டு வர்றது. 2347 கூட்டினா 16, அது 7. 386 கூட்டினா 17, அது 8. ஏழெட்டு 56, அது 11, அது 2. விடை 905942 கூட்டினா 29, 11, 2. சரி. இப்ப அந்த தப்பு விடை 39899-ஐ கூட்டிப் பாருங்க, 38, 11, 2. அதுவும் பாஸ்! 272252-ம் கூட்டினா 20, அது 2, அதுவும் பாஸ். ஏன்னா 10-ஐ 9-ஆல வகுத்தாலும் மிச்சம் 1, 100-ஐ வகுத்தாலும் 1, 1000-க்கும் 1, அதனால ஒரு இலக்கம் எந்த எடத்துல ஒக்காந்திருந்தாலும் ஒம்பதுக்கு எல்லாம் ஒண்ணுதான், எடம் மாறுனது அதுக்குத் தெரியவே தெரியாது. ஒம்பது செக் பாஸ் ஆச்சு அப்புறமும் மார்க் போச்சுன்னு அழுவுற பிள்ளைங்கள்ல நெறய கேஸ் இதுதான்.

இதுக்கு மருந்து தோராயம். 2300-ஐ 400-ஆல பெருக்குனா 9,20,000. அப்ப விடை ஒம்பது லட்சம் பக்கத்துல இருக்கணும். கணக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நோட்டு ஓரத்துல பென்சில்ல "9 லட்சம் பக்கம்"னு எழுதிட்டு ஆரம்பிங்க, முடிச்சதுக்கு அப்புறம் தோராயம் பாக்கவே கூடாது, ஏன்னா வந்த விடைக்கு ஏத்த மாதிரி மனசு தோராயத்த வளைச்சிரும்.

நடுவுல சைபர் இருந்தா மட்டும் தப்பாகுது

1,256 × 304. பையன் போட்டது 5024, அதுக்குக் கீழ 3768-ஐ ஒரு எடம் தள்ளி, மொத்தம் 42,704. அது 1256 × 34. சைபருக்கு வரி வேணாம்னு விட்டது தப்பில்ல, அதோட எடத்தையும் சேத்து விட்டதுதான் தப்பு. சரியானது 5024 + 376800 = 3,81,824. நான் சின்னப் பிள்ளைங்கள சைபர் வரியையும் 0000-ன்னு எழுதச் சொல்லிருவேன், பெரியவங்க வேணும்னா விட்டுக்கலாம். ஆனா ரெண்டு பேரும் புள்ளிக்கோ × குறிக்கோ பதிலா முழு சைபரா போடுங்க, 304-ல 3-க்கு வரி எழுதும்போது மொதல்ல ரெண்டு சைபர், அப்புறம் 3768.

மேல் நம்பர்ல சைபர் இருந்தா வேற வியாதி. 2047 × 6. ஆறேழு 42, 2 போட்டு மீதி 4. ஆறுநாலு 24, கூட 4, 28, 8 போட்டு மீதி 2. இப்ப சைபர். "சைபர எதால பெருக்கினாலும் சைபர்"னு 0 போட்டுட்டு அந்த மீதி 2-ஐ மறந்துட்டா 12,082, மறக்காம ஆனா அடுத்த எடத்துல கூட்டிட்டா 14,082. சரியானது 12,282. சைபர் வந்த எடத்துல மீதிய எறக்கி வெக்கணும், தாண்டி தூக்கிட்டுப் போகக் கூடாது.

ஒரே ஒரு வரியே பயங்கரமா பெருசா வருது

2347 × 6 போடச் சொன்னா 36,282-ன்னு ஒரு பிள்ள கொண்டு வந்துச்சு. நான் கொஞ்ச நேரம் முழிச்சேன், அப்புறம் பக்கத்துல ஒக்காந்து மறுபடி போடச் சொல்லி வாயப் பாத்தேன். ஆறேழு 42, மீதி 4. அடுத்து "நாலும் நாலும் எட்டு, ஆறெட்டு 48". புடிச்சாச்சு. மீதிய மொதல்ல கூட்டிட்டு அப்புறம் பெருக்குது. பெருக்கிட்டுதான் கூட்டணும். இந்தத் தப்ப நோட்ட பாத்து கண்டுபுடிக்கிறது கஷ்டம், வாய்விட்டுப் போடச் சொன்னா ரெண்டு நிமிசம்.

சரியான விடைக்கும் உங்க விடைக்கும் வித்தியாசம் ஒரு இலக்கமும் பின்னாடி சைபருமா இருக்கு

இதான் ரொம்ப சாதாரணமா வர்றது, இதான் ஈசியும் கூட. சரியான விடை கையில இல்லன்னா வேற வழியில ஒருவாட்டி போட்டு எடுத்துக்கங்க, 386-ங்கிறது 400-ல 14 கம்மி, 938800-ல 32858 கழிச்சா 905942. இல்ல ரெண்டு பேர் தனித்தனியா போட்டு ரெண்டு விடைக்கும் உள்ள வித்தியாசத்த பாருங்க.

வித்தியாசம் 1,00,000, அதாவது 8,05,942 வந்துச்சுன்னா பெருக்கல் எல்லாம் சரி, கடைசிக் கூட்டல்லதான் போச்சு. பத்தாயிரம் எடத்துல 1 + 8 + 0, கூட மீதி 1, மொத்தம் 10, சைபர் போட்டு 1 மேல ஏத்தணும், சைபர் வந்ததும் அந்த ஒண்ணு பல பேருக்கு மறந்துருது.

வித்தியாசம் 100, அதாவது 9,05,842 வந்தா 80 வரியில மீதி கோளாறு. எட்டேழு 56, மீதி 5. ஆனா 2347-க்கு மேல மொத வரிக்காக குட்டியா எழுதுன மீதி 4 அப்படியே இருக்கு, கண்ணு அத எடுத்துருச்சு, 32 + 5-க்கு பதிலா 32 + 4. வரியில பத்து கொறஞ்சா 80 வரிக்கு அது நூறு. இதுக்கு ஒரே மருந்து, ஒரு மீதிய கூட்டி முடிச்ச அடுத்த செகண்டே அது மேல ஒரு கோடு. அழிக்காதீங்க, அடிங்க. அழிச்சா அப்புறம் எங்க தப்புன்னு தேட தடயம் இருக்காது.

வித்தியாசம் 20 வந்தா எட்டேழு 54-ன்னு போட்டிருப்பீங்க. வாய்ப்பாட்டுல சறுக்குற எடம் எனக்குத் தெரிஞ்சு நாலஞ்சுதான், ஆறேழு 42, ஆறெட்டு 48, ஏழெட்டு 56, ஆறொம்பது 54. இதுல 56-க்கு மட்டும் பிள்ளைங்களுக்கு அஞ்சு ஆறு ஏழு எட்டுன்னு சொல்லிக் குடுத்துருக்கேன், 56 = 7 × 8, அப்புறம் மறக்கவே மறக்காது. மலைக்கு மேல நெடுங்கண்டம் பக்கம் படிக்கிற பிள்ளைங்க லீவுக்கு வந்தா வாய்ப்பாட்ட பெருக்கப்பட்டிகன்னு மலையாளத்துல சொல்லும், ஆனா சறுக்குறது என்னமோ அதே ஏழெட்டுலதான்.

வித்தியாசம் ஒம்பதால மீதியில்லாம வகுபடுது

கணக்கப்பிள்ளைங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய வித்தை இது. 9,05,492-ன்னு எழுதிட்டீங்க. வித்தியாசம் 450. ஒம்பதால வகுத்தா 50. அப்ப பக்கத்துப் பக்கத்து ரெண்டு இலக்கம் எடம் மாறியிருக்கு, அந்த ரெண்டுக்கும் வித்தியாசம் 5, பத்து நூறு எடத்துல தேடு. 9-ம் 4-ம். அங்கதான். பெருக்குனது சரி, கூட்டுனது சரி, விடைய எழுதும்போது கை மாத்திருச்சு.

இதையும் ஒம்பது செக் புடிக்காது, இலக்கக் கூட்டல் மாறலையே. இங்க பதினொன்னு செக் வேணும், இது பள்ளிக்கூடத்துல பாதிப் பேருக்கு சொல்லியே குடுக்கிறதில்ல. வலது ஓரத்துல இருந்து ஒண்ணு கூட்டி ஒண்ணு கழிச்சுக்கிட்டே வரணும். 2347: 7 − 4 + 3 − 2 = 4. 386: 6 − 8 + 3 = 1. ரெண்டையும் பெருக்குனா 4. விடை 905942: 2 − 4 + 9 − 5 + 0 − 9 = −7, கழிச்சல்ல வந்தா 11 கூட்டிக்க, 4. பாஸ். மாறிப்போன 905492-க்கு போட்டா 2 − 9 + 4 − 5 + 0 − 9 = −17, ரெண்டுவாட்டி 11 கூட்டினா 5. 4 வரணும், 5 வருது, மாட்டுச்சு. மேல சொன்ன 39899-க்கு போட்டுப் பாருங்க, 2 வரும், அதுவும் மாட்டும். பக்கத்து இலக்கம் ரெண்டு எடம் மாறுனா பதினொன்னுகிட்ட தப்பவே முடியாது. ரெண்டு எடம் தள்ளிப் போனா மட்டும் அதுவும் கோட்ட விட்டுரும், நூற 11-ஆல வகுத்தா மிச்சம் 1-தானே.

வித்தியாசம் பெருசா, கோணல்மாணலா இருக்கு

உதாரணத்துக்கு 9,16,364 வந்துச்சு, வித்தியாசம் 10,422. பயப்படாம அத 386-ஆல வகுத்துப் பாருங்க, சரியா 27. அப்ப பெருக்கல்ல ஒரு தப்பும் இல்ல, நீங்க 2347-க்கு பதிலா 2374-ஐ பெருக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க. வித்தியாசம் கீழ் நம்பரால வகுபட்டா மேல் நம்பர தப்பா எழுதிருக்கீங்க, மேல் நம்பரால வகுபட்டா கீழ் நம்பர. எதாலயும் வகுபடலன்னா ஒண்ணுக்கு மேல தப்பு இருக்கு, அப்ப மட்டும் மொதல்ல இருந்து போடுங்க, வேற வழியில்ல.

எல்லாம் சரியா பெருக்குறேன், கூட்டும்போது கோணிப் போகுது

கட்டம் போட்ட நோட்டு வாங்குங்க. இல்லையா, கோடு போட்ட நோட்ட பக்கவாட்டுல திருப்பி வைங்க, கோடு எல்லாம் நெட்டுக்குத்தா நிக்கும், ஒரு சந்துக்கு ஒரு இலக்கம். இத நான் பெரிய டிப்ஸ்னு நெனைக்கல, ஆனா என்கிட்ட வர்ற பசங்கள்ல ரெண்டு பேருக்கு இது ஒண்ணுதான் வியாதியே.

அப்பவும் மீதி குழப்பம் தீரலன்னா கட்டப் பெருக்கல் பழகுங்க, மேல 2 3 4 7, பக்கத்துல 3 8 6, பன்னெண்டு கட்டம், ஒவ்வொண்ணுலயும் மூலைக்கு மூல ஒரு சாய்வுக் கோடு, பத்து மேல, ஒண்ணு கீழ. பெருக்கும்போது மீதியே கெடையாது, கடைசியில சாய்வா கூட்டும்போது மட்டும்தான். 1478-ல இத்தாலியில ட்ரெவிசோ ஊர்ல வியாபாரிங்களுக்காக அச்சடிச்ச கணக்குப் புத்தகத்துலயே இருக்கிற முறைதான் இது. கட்டம் போட நேரம் ஆகும், பரிட்சைக்கு நான் சொல்ல மாட்டேன்.

நம்பர் ரொம்ப நீளம், சரியான்னு பாக்கவே பயமா இருக்கு

எவ்ளோ நீளமா இருந்தாலும் ஒம்பது செக்குக்கு ஒரு நிமிசம்தான். 1980 ஜூன் 18-ஆம் தேதி லண்டன்ல இம்பீரியல் காலேஜ்ல சகுந்தலா தேவி ரெண்டு பதிமூணு இலக்க நம்பர 28 செகண்டுல மனசுலயே பெருக்குனாங்க, 7,686,369,774,870-ஐ 2,465,099,745,779-ஆல. விடை 18,947,668,177,995,426,462,773,730. மொத நம்பர் இலக்கம் கூட்டினா 78, 15, 6. ரெண்டாவது 74, 11, 2. ஆறுரெண்டு 12, 3. விடை இலக்கம் கூட்டினா 138, 12, 3. பிள்ளைங்க இத தெருவுல ஒக்காந்து செக் பண்ணி முடிச்சப்ப அவங்க மொகத்த பாக்கணும், ஏதோ சகுந்தலா தேவிக்கே பேப்பர் திருத்துன மாதிரி.

நேரம் ஆகுதுன்னு சொல்றவங்களுக்கு, இலக்கம் கம்மியா இருக்கிறத கீழ வைங்க, சைபர் இருக்கிறத கீழ வைங்க, 386 மாதிரி முழு நூறு பக்கத்துல இருந்தா 400 − 14-ன்னு ஒடைங்க. நீளமான நம்பர நாலு நாலு இலக்கமா பிச்சு போடுற பெரிய பசங்களுக்கு இன்னொன்னு இருக்கு. 1960-ல மாஸ்கோவுல காரட்சுபான்னு 23 வயசுப் பையன், பெருக்கல இதுக்கு மேல சுருக்க முடியாதுன்னு கோல்மொகரோவ் மாதிரி பெரிய கணக்கு மேதையே நெனச்சுக்கிட்டு இருந்தப்ப, நாலு பெருக்கல மூணாக்கிக் காமிச்சாரு. 47 × 63: நாலாறு 24, ஏழுமூணு 21, அப்புறம் (4 + 7) × (6 + 3) = 99. 99-ல 24-ம் 21-ம் கழிச்சா 54. 2400 + 540 + 21 = 2,961. ரெண்டு இலக்கத்துக்கு இது வெட்டி வேல, எட்டு இலக்கத்துக்கு லாபம்.

புள்ளி எங்க வைக்கிறதுன்னு தெரியல

ரூபா காசு, கிலோ கிராம் வர்ற கணக்கு. 2347.50 × 38.6. புள்ளிய மறந்துட்டு 23475 × 386 போடுங்க, 9061350. 2347.5-ல புள்ளிக்குப் பின்னாடி ஒண்ணு, 38.6-ல ஒண்ணு, மொத்தம் ரெண்டு, 90,613.50. இங்க சறுக்குற எடம், கடைசி சைபர மொதல்ல தூக்கிட்டு 906135-ல ரெண்டு எடம் எண்ணி 9,061.35-ன்னு எழுதுறது. மொதல்ல புள்ளி, அப்புறம்தான் சைபர் தூக்குறது. தோராயம் 2350 × 40 = 94,000, ஒம்பதாயிரம் வர வாய்ப்பே இல்ல.

ஒம்பதும் பாஸ், பதினொன்னும் பாஸ், தோராயமும் ஒத்துப்போகுது, ஆனா விடை தப்பு

மேல சொன்ன 90,613.50 இருக்கே, அது நான் நெசமாவே சீட்டுல எழுதிக் குடுத்த தொகை. நான் கடையில சேந்த புதுசு, போடிமெட்டுக்கு அங்கிட்டு தோட்டம் வெச்சிருக்கிற ஒரு பெரியவர், மலையாளமும் தமிழும் கலந்து பேசுவாரு, நாங்க சேட்டன்னுதான் கூப்புடுவோம். ஏலத்துக்கு போகாம கடைக்கே நேரா போடுற சின்ன சரக்கு. எடை போட்ட பையன் உள்ள இருந்து "முப்பத்தெட்டு கிலோ அறுபது"ன்னு கத்துனான், நான் 38.60-ன்னு எழுதிட்டேன். பெருக்கினேன், ஒம்பது செக் போட்டேன், எல்லாம் சரி, சீட்டக் கிழிச்சு நீட்டினேன்.

சேட்டன் வாங்கிப் பாத்துட்டு பெஞ்சுலயே ஒக்காந்துட்டாரு. கைய மடக்கிக்கிட்டே, "ரெண்டாயிரத்தி முன்னூத்தம்பது வெச்சா நாப்பது கிலோக்கு 94 ஆயிரம், அதில் ரெண்டு கிலோக்கு 4,700 போயி, 89,300, பின்னே அறுபது கிராமுக்கு ஒரு நூத்தி நாப்பது. தொண்ணூறாயிரம் எங்ஙனே வரும்? இது கூடுதலாணல்லோ மோனே"ன்னாரு.

அறுபது கிராம்னா 0.060, 0.60 இல்ல. 38.06 × 2347.50 = 89,345.85. நான் 1,267 ரூவா 65 காசு கூட எழுதிருக்கேன், அவரு பேசாம வாங்கிட்டு மலை ஏறியிருந்தா என் சம்பளத்துலதான் புடிச்சிருப்பாங்க. அவரு ஒரு பேப்பர் பேனா கூட எடுக்கல, எடைக்கல்லு பக்கத்துல நின்னு அறுபது கிராம்னு அவரு கண்ணால பாத்துருந்தாரு, நான் காதால கேட்டத எழுதுனேன். எந்த செக்கும் நீங்க எழுதுன நம்பரத்தான் சோதிக்கும், எழுத வேண்டிய நம்பர அதுக்கு யாரு சொல்லுவா.

அதனால கிலோ கணக்குன்னா கிராம மூணு இலக்கமா எழுதிட்டுதான் பெருக்க ஆரம்பிங்க, அறுபதுன்னா 060, அஞ்சுன்னா 005. போன்ல யாராச்சும் "ரெண்டாயிரத்தி ஏழு"ன்னா 2007-ன்னு ஒவ்வொரு இலக்கமா திருப்பிச் சொல்லி கேட்டுக்கங்க. எடை போடுற பையன்கிட்ட நான் இப்பவும் கத்துறது அதான், "கிராம சைபரோட சொல்லுடா".